வேர் நுனியில் செல் சுழற்சி எந்த வாசலில் நிற்கிறது? கண்டுபிடிக்கும் முறை

வேர் நுனியை நசுக்கி, சாயம் ஏற்றி, பகுப்பில் இருக்கும் செல்களை எண்ணி, ‘மைட்டாட்டிக் குறியீடு 9 சதவீதம்’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவதோடு பல ஆய்வகங்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஏதாவது ஒரு சாற்றிலோ ரசாயனத்திலோ வேரை வைத்து அந்த 9 பதினான்காகிவிட்டால் ‘செல் பகுப்பு தூண்டப்பட்டது’ என்று முடிவு எழுதப்படும். பாதி நேரம் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு: பகுப்பில் நுழைந்த செல்கள் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும்.

செடியின் செல் சுழற்சியை நடத்துவது ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும் புரதக் கூட்டமைப்புகள். ஒவ்வொரு கட்டத்தின் வாசலையும் ஒரு கூட்டமைப்பு திறந்து மூடுகிறது. வாசல் மூடினால் அதற்கு முந்தைய கட்டத்தில் செல்கள் தேங்கும். தேங்கிய இடத்தைச் சரியாக எண்ணத் தெரிந்தால், எந்தக் கூட்டமைப்பில் சிக்கல் என்பதை 400 மடங்கு பெருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் பொருட்களை வைத்து, வெங்காய வேரில் அதைச் செய்யும் முறை இது. சுழற்சியை ஜி1 (முதல் இடைவெளி), எஸ் (டிஎன்ஏ நகலெடுப்பு), ஜி2 (இரண்டாம் இடைவெளி), எம் (பகுப்பு) என்று பிரிப்பதே வேர் நுனியிலிருந்து வந்ததுதான். 1950களின் தொடக்கத்தில் லண்டனில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை இனத்தைச் சேர்ந்த விசியா ஃபாபா வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 கொடுத்து, டிஎன்ஏ உருவாவது, இரண்டு பகுப்புகளுக்கு இடைப்பட்ட காலமான இடைநிலையின் நடுவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான் என்று காட்டினார்கள்.

முதலில் வாசல்கள்

பெயர்கள் பெரும்பாலும் அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியில் நடந்த ஆய்வுகளில் இருந்து வந்தவை. வெங்காயத்திலும் அடிப்படை ஏற்பாடு இதேதான்.

முதல் வாசல் ஜி1-இலிருந்து எஸ் கட்டத்துக்கு. டிஎன்ஏவை நகலெடுக்கத் தேவையான மரபணுக்களை ஈ2எஃப்–டிபி என்ற இரட்டைப் புரதம் இயக்கும். ஆர்பிஆர் என்ற புரதம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அதை அடக்கி வைத்திருக்கும். மனிதரில் இந்தக் குடும்பத்துக்கு மூன்று மரபணுக்கள், அராபிடாப்சிஸில் ஒன்றே ஒன்று. ஆர்பிஆரை எழுப்பி அனுப்புவது சிடிகே-ஏ என்ற கைனேஸும் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) டி-சைக்ளின் என்ற துணைப் புரதமும் சேர்ந்த கூட்டமைப்பு. சிடிகே-ஏ சுழற்சி முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். டி-சைக்ளின் வந்து சேர்ந்தால்தான் அதற்கு வேலை. டி-சைக்ளின்களின் வரவைத் தீர்மானிப்பவை சர்க்கரையும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனும். கேஆர்பி, எஸ்எம்ஆர் என்ற இரண்டு தடுப்புப் புரதக் குடும்பங்கள் இதே கூட்டமைப்பைப் பிடித்து நிறுத்தவும் செய்யும். வெங்காயத்தில் சர்க்கரை குமிழில் இருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது வாசல் ஜி2-இலிருந்து பகுப்புக்கு. பகுப்புக்கான மரபணுக்களின் முன்பகுதியில் ‘ஏஏசிஜிஜி’ என்ற சிறு வரிசை இருக்கும். மிப்3ஆர் குடும்பப் புரதங்கள் அதில் உட்காரும். அந்தக் குடும்பத்தில் சில அடக்குபவை, சில இயக்குபவை. அடக்குபவை ஆர்பிஆர், ஈ2எஃப் முதலியவற்றோடு சேர்ந்து டிரீம் என்ற பெரிய கூட்டமைப்பாகி, நேரம் வரும் வரை பகுப்பு மரபணுக்களைப் பூட்டி வைக்கின்றன. இயக்குபவை பொறுப்பேற்றதும் பி-சைக்ளின்களும் சிடிகே-பியும் உற்பத்தியாகின்றன. சிடிகே-பி செடிகளின் தனிச் சொத்து. விலங்கிலோ ஈஸ்டிலோ அது இல்லை. டிஎன்ஏ உடைந்திருந்தாலோ நகலெடுப்பு பாதியில் நின்றிருந்தாலோ, ஏடிஎம், ஏடிஆர் கைனேஸ்கள் அதை உணர்ந்து சாக்1, வீ1 என்ற புரதங்கள் வழியாக வாசலை அடைக்கும். விலங்கில் பி53 செய்யும் வேலையைச் செடியில் சாக்1 செய்கிறது. பி53 செடியில் கிடையாது.

மூன்றாவது வாசல், குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அடுக்கி நிற்கும் மெட்டாஃபேஸிலிருந்து அவை இரு பக்கமும் பிரியும் அனாஃபேஸுக்கு. ஏபிசி/சி என்ற, பத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட கூட்டமைப்பு சிடிசி20 என்ற புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பி-சைக்ளின் மீது ‘சிதைக்க வேண்டியது’ என்று காட்டும் யுபிக்விட்டின் அடையாளம் ஒட்டும். 26எஸ் புரோட்டியசோம் அதைச் சிதைக்கும். சகோதரி குரோமேட்டிடுகளை (ஒரு குரோமோசோமின் இரு பிரதிகள்) கட்டியிருக்கும் கோஹீசினும் அப்போதுதான் வெட்டப்படும். கதிர்கோல் இழைகள் எல்லாக் குரோமோசோம்களையும் பிடிக்கும் வரை மேட்2 முதலிய புரதங்கள் சிடிசி20-ஐ விடாது.

நான்காவது செல் தட்டு, அதாவது இரு புதுச் செல்களுக்கு நடுவே எழும் சுவரின் தொடக்கம். சிடிகேயின் செயல்பாடு விழுந்த பிறகுதான் நாக்1 கைனெசினும் என்பிகே1 கைனேஸும் இணைய முடியும். அதற்கு முன் சிடிகே இரண்டையும் பாஸ்பேட் ஏற்றிப் பிரித்து வைத்திருக்கிறது. புகையிலைச் செல்களில் தெளிவான இந்த வழியில்தான், செல் தட்டைக் கட்டும் ஃபிராக்மோபிளாஸ்ட் நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரிகிறது. பூட்டு ஏன் இந்த வரிசையில் என்பது இங்கே நன்றாகப் புரியும்: குரோமோசோம்கள் பிரிவதற்கு முன் சுவர் விரிந்தால் அது குரோமோசோம்களின் குறுக்கே போகும்.

சுழற்சியை விட்டு வெளியேறுவது தனிக்கதை. சிசிஎஸ்52ஏ என்ற துணைப் புரதம் ஏபிசி/சி-யைத் தொடர்ந்து வேலை வாங்கினால், செல் பகுப்பில்லாமல் டிஎன்ஏவை மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டிக்கும். அதைப் பார்க்க வெங்காயம் சரியான செடி இல்லை. தக்காளிப் பழத்தின் சதைப்பகுதியை எடுங்கள், அங்கே 256 மடங்கு வரை போன செல்கள் உண்டு.

வேர் வளர்த்தல்

சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டிலும் குரோமோசோம்கள் 16 தான், இரண்டிலுமே அவை பெரியவை. சின்ன வெங்காயம் சீக்கிரம் வேர் விடும், சிறு சோதனைக்குழாய் வாயிலேயே உட்காரும். பெரிய வெங்காயம் வாங்கினால் கவனம் தேவை. முளைக்காமல் இருக்க மலேயிக் ஹைட்ரசைடு தெளித்ததோ காமா கதிர் பாய்ச்சியதோ வந்துவிட்டால் வேர் வராது. வந்தாலும் பகுப்பு இருக்காது. ஒரு மூட்டையில் பத்து வெங்காயம் வைத்து நான்கு கூட வேர் விடவில்லை என்றால் மூட்டையை மாற்றுங்கள், முறையை மாற்றாதீர்கள். சுருங்கிப்போன, கையில் எடுத்தால் காற்றுப்போல இருக்கும் வெங்காயமும் வேண்டாம். அதில் சர்க்கரை கையிருப்பு தீர்ந்திருக்கும். முதல் வாசல் தானாகவே பாதி மூடியிருக்கும்.

காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். அடித்தட்டின் ஓரத்தில் வளையமாகப் புள்ளிபுள்ளியாகத் தெரியும் வேர் மொட்டுகள் சேதமாகக் கூடாது. தட்டின் நடுப்பகுதியைச் சற்று ஆழமாகச் சீவினாலும் பரவாயில்லை. ஒரு இரவு திறந்து வைத்த குழாய்த் தண்ணீர் போதும், குளோரின் போயிருக்கும். அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். குமிழ் மூழ்கினால் அழுகும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். 22 முதல் 25 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று நாளில் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வேர் கிடைக்கும், அதுதான் சரியான நீளம். சித்திரை வெயிலில் 34 டிகிரி அறையில் வைத்தால் வேர் மெலிந்து, நுனி பழுப்பாகி, குறியீடு 2, 3 என்று வரும். குளிர்பதன அறை இல்லாவிட்டால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் சோதனைக்குழாய்களை வையுங்கள். வெப்பநிலையை ரெக்கார்டில் எழுதாத குறியீட்டை இன்னொரு நாள் முடிவோடு ஒப்பிட முடியாது.

‘காலை 9 மணிக்கு வெட்டினால்தான் பகுப்பு கிடைக்கும்’ என்பது நம் ஊர்க் கையேடுகளில் வழிவழியாக வரும் விதி. வெங்காய வேரில் ஒரு சுழற்சி முடிய 17 மணி நேரம் போல ஆகும். அது 24 மணி நேரக் கடிகாரத்தோடு ஒட்டி நடப்பதில்லை. உங்கள் வெங்காயத்துக்கு எந்த நேரம் நன்றாக வருகிறது என்று முதல் தடவை இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை வெட்டிப் பாருங்கள். அதன்பின் எந்த நேரத்தைத் தேர்ந்தாலும், கட்டுப்பாட்டு வேரையும் சோதனை வேரையும் ஒரே நேரத்தில் வெட்டுவது முக்கியம்.

பதப்படுத்தி நசுக்குதல்

தூய எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. பயன்படுத்தும் அன்றே கலக்குங்கள்; வைத்திருந்தால் இரண்டும் வினைபுரிந்து எத்தில் அசிட்டேட்டும் தண்ணீரும் ஆகும், பதப்படுத்தும் வேகம் போய்விடும். வேரின் பருமனைப் போல இருபது மடங்கு திரவம் இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து 70% எத்தனாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரங்களுக்குக் கவலையில்லை.

அடுத்தது நார்மல் 1 ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் வரும் 37% அமிலம் ஏறக்குறைய 12 நார்மல், 8.3 மி.லி.யை 90 மி.லி. தண்ணீரில் மெல்ல ஊற்றி, 100 மி.லி.க்கு நிரப்புங்கள். 60 டிகிரி நீர்த்தொட்டியில் அமிலம் முழுதாகச் சூடான பிறகே வேரை இறக்க வேண்டும். 8 முதல் 10 நிமிடம். செல்களை ஒட்டி வைத்திருக்கும் நடுத்தட்டின் பெக்டினைக் கரைப்பதே இதன் வேலை. 5 நிமிடத்தில் எடுத்தால் ஸ்லைடில் செல்கள் கட்டிகட்டியாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், எண்ண முடியாது. 15 நிமிடம் தாண்டினால் டிஎன்ஏவே சிதைந்து சாயம் வெளுக்கும். ஊசி தொட்டதும் நுனி தூளாகும். எடுத்ததும் தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள்.

சாயத்துக்கு 1% அசிட்டோகார்மைன்: 45 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலமும் 55 மி.லி. தண்ணீரும் கலந்து, புகைக்கூண்டுக்குள் கொதிநிலைக்குக் கொண்டுவந்து 1 கிராம் கார்மைன் போட்டு, அரை மணிக்குக் குறையாமல் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறியபின் வடிகட்டுங்கள். நுனியைச் சாயத்தில் 20–30 நிமிடம் வைத்தால் போதும். குரோமோசோம் வெளிறியே இருந்தால் சாயத்தைக் குறை சொல்லாதீர்கள், இரும்பு போதவில்லை. ஸ்லைடில் இருக்கும் சாயத்துளியை ஒரு பழைய இரும்பு ஊசியால் நான்கைந்து முறை கிளறுங்கள். கண்ணெதிரே செந்நிறம் கருஞ்சிவப்பாக மாறும். ஸ்டெயின்லெஸ் ஊசியால் கிளறினால் இது நடக்காது. அதிகமாகக் கிளறினால் சைட்டோபிளாசமும் கருத்துவிடும்.

இனி வெட்டு. சாயமேறிய நுனியில் கடைசி ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் ஆழ்ந்த நிறத்தில் தெரியும், அதுதான் ஆக்குத்திசு. அதை மட்டும் 45% அசிட்டிக் அமிலத் துளியில் வைத்து மீதியை ஸ்லைடிலிருந்தே எடுத்துவிடுங்கள். குறியீடு மிகக் குறைவாக வருவதற்கு முதல் காரணம் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெட்டுவது. நீட்சிப் பகுதியின் செல்கள் கலந்து, வகுக்கும் மொத்த எண்ணிக்கையை ஊதிவிடும். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உள்ள செல்லை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கவர் ஸ்லிப் போட்டு, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் செங்குத்தாகத் தட்டுங்கள். செல்கள் மங்கலான வட்டமாகப் பரவியதும் வடிதாளுக்கு இடையே வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கவர் ஸ்லிப் ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்ந்தாலும் குரோமோசோம்கள் உருண்டு திரிந்துவிடும். அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள்.

எண்ணுதல்

ஒரு வேருக்கு 1000 செல்லுக்குக் குறையக் கூடாது. வெவ்வேறு வெங்காயங்களிலிருந்து ஐந்து வேராவது வேண்டும். ஒரே வெங்காயத்தின் ஐந்து வேர் புள்ளியியலில் ஒன்றுக்குத்தான் சமம். ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தொடங்கி பாம்பு போல மறு ஓரம் வரை போங்கள். அழகாகத் தெரியும் இடத்தில் நின்று எண்ணும் பழக்கம் குறியீட்டை எளிதாக ஒன்றரை மடங்காக்கும். ஸ்லைடின் பெயரை இன்னொருவர் மறைத்து எண் ஒட்டித் தரட்டும்.

இரண்டு பேர் எண்ணினால் வேறுபடுவது பெரும்பாலும் புரோஃபேஸில்தான். விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: தனித்தனி இழைகளாகப் பிரித்துப் பார்க்க முடிந்தால் புரோஃபேஸ், நியூக்ளியஸ் பெரிதாகி, சொரசொரப்பாக மட்டும் தெரிந்தால் அது இடைநிலை. பகுப்பின் கடைசிக் கட்டமான டீலோஃபேஸ் முடிவதற்கும் ஒரு எல்லை வேண்டும். இரண்டு நியூக்ளியஸும் உருண்டு, நடுவில் செல் தட்டு ஓரம் வரை எட்டிவிட்டால் அவை இரண்டு இடைநிலைச் செல்கள்.

கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் பார்ப்போம். 1000 செல்லில் புரோஃபேஸ் 50, மெட்டாஃபேஸ் 17, அனாஃபேஸ் 10, டீலோஃபேஸ் 15 என்றால் மொத்தம் 92, குறியீடு 9.2%. சுழற்சி 17 மணி நேரம் எனக் கொண்டால் மெட்டாஃபேஸ் 17 × 0.017 = 0.29 மணி, அதாவது 17 நிமிடம் போல. இது தோராயம்தான். பெருகிக்கொண்டிருக்கும் திசுவில் இப்போது பிறந்த செல்கள், பிரியப் போகும் செல்களைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஆகவே இந்த நேர் விகிதம் சுழற்சியின் தொடக்கக் கட்டங்களை நீட்டியும் கடைசிக் கட்டங்களைச் சுருக்கியும் காட்டும்.

எண்களைப் படித்தல்

எல்லாக் கட்டங்களும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், பகுப்புக்கு முந்தைய வாசல் ஒன்று மூடியிருக்கிறது. அது ஜி1-ஆ ஜி2-ஆ என்று கார்மைன் ஸ்லைடு சொல்லாது. 1960களில் ஜாக் வான்ட் ஹாஃப் பட்டாணி வேர் நுனிகளைச் சர்க்கரை இல்லாமல் வளர்த்தபோது செல்கள் இரண்டு இடத்திலும் நின்றன, சிலது ஜி1-இல், சிலது ஜி2-இல். வேறுபடுத்த ஈடியூ தேவை: 10 மைக்ரோமோலார், 30 முதல் 60 நிமிடம். அது புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் தைமிடினுக்குப் பதிலாக ஏறும், ஒளிரும் சாயத்தை அதன்மேல் கிளிக் வினையில் ஒட்டலாம். குறியீடு குறைந்து ஈடியூ ஏறிய நியூக்ளியஸ்களும் குறைந்தால் முதல் வாசல். குறியீடு குறைந்த முதல் சில மணி நேரம் ஈடியூ மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் இரண்டாவது. நாள் கடந்தால் இரண்டும் குறைந்து வேறுபாடு மறைந்துவிடும்.

மெட்டாஃபேஸ் ஏறி அனாஃபேஸ் கிட்டத்தட்ட காணாமல் போனால் மூன்றாவது வாசல். கதிர்கோல் கெட்டதா, ஏபிசி/சி–புரோட்டியசோம் பக்கம் கெட்டதா என்று குரோமோசோம்களின் அமைப்பைப் பாருங்கள். கால்சிசின் போலக் கதிர்கோலைக் கலைக்கும் பொருளென்றால் குரோமோசோம்கள் கட்டையாகி, செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எம்ஜி132 போலப் புரோட்டியசோமை அடைக்கும் பொருளென்றால் அவை நடுக்கோட்டில் ஒழுங்காக அடுக்கியபடியே காத்துக்கொண்டிருக்கும்.

அனாஃபேஸில் பாலம்போல நீண்ட குரோமோசோம், இடைநிலைச் செல்லில் பெரிய நியூக்ளியஸுக்குப் பக்கத்தில் குட்டி நியூக்ளியஸ் என்று கண்டால் டிஎன்ஏ உடைந்திருக்கிறது. சாக்1 வேலையில் இறங்கியிருக்கும், குறியீடும் விழும். ஒரே செல்லில் சம அளவில் இரண்டு நியூக்ளியஸ் இருந்தால் நான்காவது வாசல்.

கால்சிசினை அளவுகோலாக்குதல்

குறியீடு கூடியது பகுப்பு வேகமானதாலா, வெளியேறத் தாமதமானதாலா? இந்தக் கேள்விக்கு ஒற்றைக் குறியீட்டில் விடை கிடையாது. மூன்றாவது வாசலை நீங்களே அடைத்துவிட்டு, மணிக்கு எத்தனை செல்கள் பகுப்பில் நுழைகின்றன என்று பாருங்கள்.

கால்சிசின் 50 மில்லிகிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 0.05%. ஒளி பட்டால் கெடும், பழுப்பு பாட்டில் தேவை. இது நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சு. அந்த விதைக்காகவே தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அது பயிராகிறது. கதிர்கோல் இழைகளைக் கட்டும் புரதம் டியூபுலின்; செடியின் டியூபுலினைவிட விலங்கின் டியூபுலினோடு கால்சிசின் பல மடங்கு இறுக்கமாகப் பிணையும். செடிக்கு இவ்வளவு செறிவு தேவைப்படுவது அதனால்தான். கையாள்பவருக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதனால்தான். கையுறை, முகக்கவசம் கட்டாயம். தூளை எடை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மிச்சக் கரைசல் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகக் கூடாது, ரசாயனக் கழிவு பாட்டிலுக்குத்தான்.

வேர்களை வெட்டாமல் குமிழோடு கரைசலில் நிறுத்தி, 1, 2, 3 மணி நேரத்தில் பதப்படுத்துங்கள். ஒவ்வொரு நேரத்திலும் குறியீட்டைப் பின்னமாக எழுதி, அதோடு 1 கூட்டி, இயல் மடக்கை (ln) எடுத்து நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். 0.693-ஐ அதன் சாய்வால் வகுத்தால் சுழற்சியின் நீளம். உதாரணமாக 1 மணியில் குறியீடு 0.12, 3 மணியில் 0.21 என்றால், மடக்கைகள் 0.113, 0.191, சாய்வு மணிக்கு 0.0387, சுழற்சி 17.9 மணி. சோதனைப் பொருள் கொடுத்த வேரில் வெறும் குறியீடு கூடி, இந்தச் சாய்வு கூடாமலோ குறைந்தோ இருந்தால், அங்கே தூண்டுதல் எதுவும் நடக்கவில்லை. வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

கோடு 4 மணி நேரத்துக்கு மேல் வளையும், அதை நம்பாதீர்கள். செடிகளில் மூன்றாவது வாசலின் காவல் இறுக்கமானதல்ல. மெட்டாஃபேஸில் நின்ற செல்கள் குரோமோசோம்களைப் பிரிக்காமலேயே மீண்டும் இடைநிலைக்குப் போய், குரோமோசோம் தொகுதி இரட்டித்து நான்மடியமாகும். பயிர்ப் பெருக்கத்தில் கால்சிசின் கொடுத்து மடியம் கூட்டுவது இந்தக் கசிவை வைத்துத்தான். முதல் அரை மணியும் பயன்படாது, கால்சிசின் உள்ளே ஊறும் நேரம் அது.

காஃபீன் சோதனை

மலிவானது, நான்காவது வாசலைத் தனியாகக் காட்டுவது. காஃபீன் 97 மில்லிகிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 5 மில்லிமோலார். 25 டிகிரியில் ஒரு மணி நேரம் வேரை வைத்து, மூன்று முறை கழுவி, இரண்டு மணி நேரம் தண்ணீரில் விட்டுப் பதப்படுத்துங்கள். செல் தட்டாகச் சேர்ந்த நுண்பைகள் முழுச் சுவராக இறுகாமல் கலைந்துவிடும்; நியூக்ளியஸ் பகுப்பு மட்டும் தடையில்லாமல் முடியும். சுழற்சி 17 மணி என்றால் ஒரு மணி நேரத்தில் 100 செல்லில் 4 போல டீலோஃபேஸைக் கடக்கும். இரட்டை நியூக்ளியஸ் செல்களும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் வர வேண்டும். 10, 12 என்று வந்தால் நசுக்கும்போது செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதை இரட்டை என்று எண்ணியிருக்கிறீர்கள்.

மிச்ச வேர்களைத் தண்ணீரிலேயே விட்டு 12 மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். இரட்டை நியூக்ளியஸ் செல்கள் அடுத்த பகுப்பில் நுழையும்போது ஒரே செல்லுக்குள் இரண்டு மெட்டாஃபேஸ் தட்டுகள் பக்கம் பக்கமாக நிற்கும். பகுப்பைத் தொடங்கும் சிடிகே–சைக்ளின் செல்லின் பொதுச் சைட்டோபிளாசத்திலும் இருப்பதால் இரண்டு நியூக்ளியஸுக்கும் உத்தரவு ஏறக்குறைய ஒன்றாகவே போகிறது. கூட்டமைப்பின் வேலையைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல ஸ்லைடு கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்காது.

புரதத்தையே அளக்க வேண்டுமானால்

ஸ்லைடு ஊகத்தைத் தரும், நிரூபணத்துக்குக் கைனேஸ் சோதனை தேவை. ஒன்றரை மில்லிமீட்டர் நுனிகள் நூறாவது சேர்த்து திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரையுங்கள். பிரித்தெடுக்கும் கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பான்களை எல்லோரும் போடுகிறார்கள். பாஸ்பட்டேஸ் தடுப்பான்களை மறக்கிறார்கள். பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 60 மில்லிமோலார், சோடியம் ஃபுளோரைடு 1 மில்லிமோலார், சோடியம் வனடேட் 0.1 மில்லிமோலார் இல்லாவிட்டால், சிடிகேயின் மீதும் ஆர்பிஆரின் மீதும் இருந்த பாஸ்பேட் அரைக்கும் நேரத்திலேயே உதிர்ந்துவிடும். எல்லா மாதிரியும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாம் 4 டிகிரியில், அதிகபட்சம் அரை மணியில் முடிய வேண்டும். சிடிகேயோடு ஒட்டும் பி13எஸ்யூசி1 புரதம் பூசிய மணிகளால் சிடிகேக்களைப் பிடித்து, ஹிஸ்டோன் எச்1 கொடுத்து, அது எவ்வளவு பாஸ்பேட் ஏற்கிறது என்று அளப்பது நெடுநாளாக வழக்கில் உள்ள முறை.

புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் பிஸ்டெயர் ஆன்டிபாடி போட்டு, ‘34 கிலோடால்டன் பட்டை மாறவில்லை, ஆகவே சிடிகே பாதிக்கப்படவில்லை’ என்று முடிவு எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. அந்த ஆன்டிபாடி காண்பது சிடிகே-ஏ இருப்பதை மட்டும். அதன் அளவு சுழற்சியில் பெரிதாக மாறாது; துணைக்கு வரும் சைக்ளினும் தடுப்புப் புரதமும்தான் செயல்பாட்டை மாற்றுகின்றன. சிடிகே-பியில் அந்த அமினோ அமில வரிசையே வேறு, ஆன்டிபாடிக்கு அது தெரியவே தெரியாது.

அராபிடாப்சிஸுக்கு மாறுபவர்களுக்கு ஒளிரும் புரதங்கள் ஏற்றிய விதைகள் உண்டு. மாட்ரிட் ஆய்வுக்குழு 2020இல் வெளியிட்ட பிளாச்சி என்ற வகையில் ஒரே செடியில் மூன்று நிறங்கள்: ஜி1-இல் சிடிடி1ஏ, எஸ் கட்டத்திலிருந்து ஹிஸ்டோன் எச்3.1, ஜி2-இன் பிற்பகுதி முதல் மெட்டாஃபேஸ் வரை சைக்ளின் பி1;1. இதற்கு முன்பிருந்தே ஆய்வகங்களில் புழங்குவது சைக்ளின் பி1;1-ஓடு கஸ் நொதியை இணைத்த, நீலப் புள்ளியாகத் தெரியும் வகை. நீலப் புள்ளி கூடினால் பகுப்பு கூடியது என்று எழுதிவிடாதீர்கள். டிஎன்ஏ உடையும்போது சாக்1 இயக்கும் மரபணுக்களில் சைக்ளின் பி1;1-உம் ஒன்று; பழுதுபார்ப்பதற்கு அது சிடிகே-பி1-ஓடு சேர்ந்து வேலை செய்கிறது. கதிர்வீச்சோ, கன உலோகமோ, ஹைட்ராக்சியூரியாவோ கொடுத்த வேரில் ஒரு செல் கூடப் பிரியாமலேயே நுனி முழுக்க நீலமாகும். அப்படிப்பட்ட சோதனையில் அதே தொகுதி வேர்களில் பாதியைக் கார்மைனில் நசுக்கி, மெட்டாஃபேஸை எண்ணிப் பக்கத்தில் வையுங்கள்.